நாகப்பட்டினம் என்னும் துறைமுக நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம் என்றால் பலருக்கும் நாகூர், வேளாங்கண்ணி, 2004 சுனாமி ஆகியவற்றோடு நினைவு நின்றுவிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் வணிகத்தோடு வாழ்ந்த இந்த ஊரைப் பற்றி மாணவர்களும் பயணிகளும் வெளிநாடுகளில் வாழும் தமிழர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

கேள்வி: நாகப்பட்டினம் சரியாக எங்கே அமைந்துள்ளது?

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், சோழமண்டலக் கரையின் தென்பகுதியில், காவிரிப் படுகையின் கிழக்கு விளிம்பில் அமைந்துள்ளது. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாகக் கிழக்கு நோக்கி வந்தால் வயல்கள் முடியும் இடத்தில் ஊர் தொடங்கிவிடும். நகரத்தை ஒட்டிக் கடுவையாறு கடலில் கலக்கிறது. வடக்கே நாகூரில் வெட்டாறு கலக்கிறது. இரண்டுமே காவிரி நீரின் கடைசிக் கிளைகள். தெற்கே கோடியக்கரை வரை ஏறக்குறைய நேர்க்கோடாகச் செல்லும் கரை, அங்கே மேற்காகத் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருப்பது ஆழம் குறைந்த பாக் நீரிணை. நகரத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிலவியல் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நிர்வாக அளவில், 1991ஆம் ஆண்டு வரை தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் இருந்த இவ்வூர், அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் இதிலிருந்து பிரிக்கப்பட்டது.

கேள்வி: இங்கே இயற்கையான துறைமுகம் உண்டா?

இல்லை. கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கி நிற்கக்கூடிய குடாவோ, கடலை மறிக்கும் பாறை முனையோ நாகையில் கிடையாது. மணற்கரை, அதற்கு முன்னால் அலை உடையும் ஆழமற்ற பகுதி, அதற்கும் அப்பால் திறந்த வங்காள விரிகுடா, அவ்வளவுதான். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்க, படகுகள் ஆற்றுமுகத்துக்கும் கப்பலுக்குமிடையே போய் வந்து மூட்டைகளையும் மனிதர்களையும் ஏற்றி இறக்கின. ஆற்றின் முகத்தில் மணல் மேடிட்டுவிட்டால் அந்தப் படகுகளுக்கும் வழியில்லாமற்போகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வந்துவிட்டால், பாய்மரக் காலத்தில் இந்தக் கரை முழுவதுமே கப்பல்கள் அண்டாத கரையாகிவிடும்.

கேள்வி: அப்படியானால் இந்த இடம் ஏன் பெரிய துறைமுகமாயிற்று?

கரைக்குப் பின்னால் இருந்த வளத்தையும் கரைக்கு முன்னால் இருந்த வழியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். பின்னால் இருப்பது தென்னிந்தியாவின் மிகப் பெரிய நெற்களஞ்சியம். உபரி நெல் இருக்கும் இடத்தில் நெசவாளர்களும் கம்மாளர்களும் வணிகர்களும் குடியேற முடியும். அவர்களுடைய துணியும் உலோகப் பொருளும் ஏற்றுமதிச் சரக்காகும். நெல்லே நேரடியாக ஏற்றுமதியாகி இலங்கைக்குச் சென்ற காலங்களும் நெடியவை.

முன்னால் இருப்பது தடையற்ற கடல்வழி. கோடியக்கரைக்குத் தெற்கே மணல் திட்டுகளும் இராமேசுவரத்தை ஒட்டிய ஆழமின்மையும் பெரிய கப்பல்களைத் தடுத்துவிடும். ஆகவே கீழைக் கடலுக்குப் போகும் கப்பலுக்கும் அங்கிருந்து வரும் கப்பலுக்கும், தொல்லை தொடங்குவதற்கு முன் தமிழ்க் கரையில் கிடைத்த தென்கோடித் துறைகளுள் நாகை ஒன்றாக இருந்தது. தென்மேற்குக் காற்று கப்பல்களைக் கிழக்கே நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார்த் தீவுகளின் பக்கமாக மலாய்க் கரைக்குக் கொண்டுசென்றது. காற்று மாறியதும் வடகிழக்குப் பருவம் அவற்றைத் திரும்ப அழைத்து வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அயல்நாட்டு வணிகர்கள் காற்றுக்காக இங்கே தங்கியாக வேண்டும். தங்கியவர்கள் வழிபட இடம் தேடினார்கள். நாகையின் பண்பாட்டு வரலாற்றில் பெரும்பகுதி அந்தத் தேடலிலிருந்து பிறந்தது என்பதே என் கருத்து.

கேள்வி: பூம்புகாரும் நாகப்பட்டினமும் ஒரே காலத்துத் துறைமுகங்களா?

சங்க இலக்கியம் கொண்டாடும் சோழர் துறைமுகம் காவிரிப்பூம்பட்டினம். நாகையும் பழைய ஊர்தான். பழங்காலக் கிரேக்க நிலநூலாரான தாலமி தம் நூலில் குறிப்பிடும் நிகாமா என்ற ஊரை நாகையாக அறிஞர்கள் பலர் கொள்கின்றனர். எனினும் பூம்புகாரின் ஒளி மங்கிய பிறகு, பல்லவர் காலத்திலும் குறிப்பாகப் பிற்காலச் சோழர் காலத்திலும், சோழநாட்டின் முதன்மையான கடல்வாயிலாக நாகை உயர்ந்தது. கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அதைச் சோழகுலவல்லிப்பட்டினம் என்றும் குறிப்பிடுகின்றன.

கேள்வி: சூடாமணி விகாரத்தைக் கட்டியது யார்?

வரலாற்றுப் புதினங்களின் வழியே இந்தப் பெயரை அறிந்தவர்கள், அதைச் சோழர்கள் கட்டிய புத்தக் கோயில் என்று கருதுவதுண்டு. ஆனால் கட்டத் தொடங்கியவர் ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசரான சூளாமணிவர்மர். அவருக்குப் பின் பணியை நிறைவேற்றியவர் அவர் மகன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மர். இன்றைய சுமத்திராவையும் மலேசியாவின் கெடா பகுதியையும் ஆண்ட ஓர் அரசமரபு, தன் நாட்டு வணிகர்களும் துறவிகளும் வந்து தங்கும் அயல்நாட்டுத் துறைமுகத்தில் கட்டிய பௌத்தப் பள்ளி அது. கட்ட இசைந்ததோடு நில்லாமல், அதைப் பராமரிக்க ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயையே எழுதிக் கொடுத்தவர் முதலாம் இராசராசர். தஞ்சைப் பெரிய கோயிலைச் சிவனுக்கு எழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே அரசர் செய்த கொடை இது.

அந்தக் கொடையின் ஆவணம் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும், நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் பெரிய லெய்டன் செப்பேடுகள் என்றும் வழங்குகிறது. மொத்தம் 21 ஏடுகள். 5 ஏடுகளில் வடமொழி, 16 ஏடுகளில் தமிழ். இராசராசரின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த ஆணையை, அவர் மகன் இராசேந்திரர் நிலைபெறச் செய்தார் என்று வடமொழிப் பகுதி கூறுகிறது. தமிழ்ப் பகுதியோ ஒரு வருவாய்த்துறைக் கோப்பைப் போல நுணுக்கமானது. 97 வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேற்பட்ட நிலம், ஆண்டுக்கு 8,943 கலத்துக்குச் (கலம் பழைய தானிய அளவு) சற்று மேற்பட்ட நெல் வருவாய், அக்கம்பக்கத்து ஊர்களோடு உள்ள ஒவ்வோர் எல்லையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரம், அந்த எல்லையை ஒரு பெண்யானையை நடத்திச் சுற்றிவந்து உறுதிசெய்த சடங்கு என எதுவும் விட்டுப்போகவில்லை. கீழ்வேளூர்ப் பக்கத்து வயலில் விளைந்த நெல், கடாரத்து அரசர் எழுப்பிய விகாரத்தில் விளக்கெரியவும் துறவிகள் உண்ணவும் பயன்பட்டது என்பதைக் கலக் கணக்கோடு சொல்லும் இந்த ஆவணத்துக்கு நிகராக நாகையின் இயல்பைக் காட்டும் வேறு சான்றை நான் கண்டதில்லை.

கொடை ஒருவழியாகவும் இருக்கவில்லை. கடாரத்து அரசரின் முகவர்கள் நாகைக் காரோணம் சிவன் கோயிலுக்கு அணிகலன்களையும் சீனக் கனகத்தையும் கொடுத்ததை, முதலாம் இராசேந்திரரின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் அங்கேயே தெரிவிக்கின்றன. பௌத்த அரசரின் பொன், அதுவும் சீனப் பொன், சைவக் கோயிலின் பண்டாரத்தில் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: 1025இல் இராசேந்திரர் கடாரத்தின் மீது படையெடுத்தாரே, அதன் பிறகு விகாரம் என்னவாயிற்று?

தொடர்ந்து இயங்கியது. முதலாம் குலோத்துங்கரின் 20ஆம் ஆட்சியாண்டில், 1090ஆம் ஆண்டளவில் வெளியான சிறிய லெய்டன் செப்பேடுகள், கடாரத்தரசரின் தூதர்கள் வேண்டிக்கொண்டபடி, விகாரத்துக்குரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதிசெய்கின்றன. கடாரத்தரசர் இங்கே எடுப்பித்த இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி ஆகிய பெயர்களை அந்தச் செப்பேடுகள் தருகின்றன. தம் நாட்டைத் தாக்கிய அரசரின் பெயரைத் தாங்கிய பள்ளிக்காக அந்நாட்டுத் தூதர்கள் சோழர் அவைக்கு வந்து மன்றாடியிருக்கிறார்கள். போரால் அறுபட்ட உறவு வணிகத்தாலும் வழிபாட்டாலும் மீண்டும் ஒட்டிக்கொண்டதற்கு இதைவிட நேரான சான்று அரிது.

கேள்வி: இன்று அந்தப் பௌத்தச் சின்னங்களைப் பார்க்க முடியுமா?

கட்டடத்தைப் பார்க்க முடியாது. அது எப்படி மறைந்தது என்பது, தமிழர்கள் இன்னும் விரிவாக அறிய வேண்டிய செய்தி.

சோழர் காலத்துக்குப் பிறகும் நாகையில் பௌத்தம் நெடுங்காலம் நீடித்தது. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், இங்கே இருந்த செங்கற்கோபுரம் ஒன்றைப் பற்றியும் அதில் 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகள் இருந்ததைப் பற்றியும் எழுதியுள்ளார். 15ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து இலங்கைக்குச் சென்ற தேரர்களில் (மூத்த பௌத்தத் துறவிகளில்) சிலர் திரும்பும் வழியில் நாகையை அடைந்து, பழைய பௌத்தப் பள்ளி இருந்த இடத்தையும், சீன அரசரின் ஆணைப்படி அமைந்ததாகச் சொல்லப்பட்ட குகையில் இருந்த புத்தர் படிமத்தையும் வணங்கியதாகப் பர்மாவின் பெகு நகரத்துக் கல்யாணிக் கல்வெட்டு கூறுகிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நகரத்துக்கு வடக்கே சதுர வடிவில் மூன்று அடுக்குச் செங்கற்கோபுரம் ஒன்று நின்றது. சுண்ணமில்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல் வேலை. கூரை ஏற்கெனவே விழுந்திருந்தது. ஊர்மக்கள் அதைப் புதுவெளிக்கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர்கள் சீனக் கோபுரம் என்றும் கறுப்புக் கோபுரம் என்றும் அழைத்தார்கள். கடலில் வருவோருக்குக் கரையைக் காட்டும் அடையாளமாக அது விளங்கிற்று. 1846இல் பிரித்தானிய அதிகாரி சர் வால்டர் எலியட் அதைப் பார்வையிட்டுக் குறிப்பெழுதினார். பின்னர் அந்த நிலம் கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையினரின் கைக்கு வந்தது. கட்டடம் இடியும் நிலையில் உள்ளது என்று கூறி அதை அகற்ற அவர்கள் இசைவு கேட்க, 1867இல் சென்னை அரசு இசைந்துவிட்டது. கோபுரம் இடிக்கப்பட்டது. நூற்றாண்டுகளாகப் புயலுக்குத் தாக்குப்பிடித்த கட்டடம் ஒரு கோப்பில் இட்ட கையெழுத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

எஞ்சியவை மண்ணுக்கடியில் இருந்த செப்புத் திருமேனிகள். 1856 முதல் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் கிடைத்த பௌத்தப் படிமங்கள் ஏறத்தாழ 350. முதற்கண்டெடுப்பே ஓர் இலுப்பை மரத்தடியில்தான் நிகழ்ந்தது. தீச்சுடர் போன்ற உச்சியணியோடு நிற்கும் புத்தர், இருபுறமும் நாகர்கள் கவரி வீச அமர்ந்திருக்கும் புத்தர், போதிசத்துவர்கள், சிறு தூபிகள் என இவற்றின் வகை பல. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கணிசமானவை உள்ளன. மற்றவை உலகின் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போய்விட்டன. நாகையிலேயே, கோபுரம் நின்ற இடத்தைச் சுட்டி, வரும் பயணி படித்தறியும்படி விரிவான விளக்கப் பலகையும், அந்தப் படிமங்களின் நல்ல படிகளைக் கொண்ட ஒரு கூடமும் அமைய வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

கேள்வி: நாகையின் சைவ, வைணவக் கோயில்களுக்குக் கடலோடு தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. காயாரோகணசுவாமி நீலாயதாட்சி அம்மன் கோயில் தேவாரத்தில் கடல்நாகைக் காரோணம் என்றே வருகிறது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியுள்ளனர். இங்கே இறைவனிடம் கஸ்தூரி கமழும் சாந்தும் அணிகலனும் பட்டும் வேண்டும் என்று சுந்தரர் உரிமையோடு கேட்கிறார். கஸ்தூரி தமிழ்நாட்டில் கிடைக்கும் பொருளன்று. துறைமுகத்து அங்காடியில் கண்ணில் பட்டதையே அவர் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தியாகேசர் வழிபாட்டுக்குரிய ஏழு சப்த விடங்கத் தலங்களில் ஒன்றான இக்கோயிலின் தியாகேசருக்குரிய நடனம் பாராவார தரங்க நடனம், அதாவது கடலலையின் அசைவு.

மீனவர்களுக்கு இக்கோயிலோடு உள்ள பிணைப்பு அதிபத்த நாயனார் வழியாக வந்தது. நாகைக் கடற்கரையின் நுளைப்பாடியில் பிறந்த பரதவர் அவர். நாள்தோறும் வலையில் கிடைப்பவற்றுள் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பல நாள் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அதையும் விட்டார், வீட்டில் பட்டினி. கடைசியில் பொன்னாலான மீன் ஒன்று அகப்பட, அதையும் தயங்காமல் விட்டார். ஆவணி ஆயில்யத்தன்று இந்நிகழ்வை நாகை மீனவர்கள் இன்றும் கடலில் நடத்திக் காட்டுகிறார்கள். நாயனாரின் திருவுருவத்தைப் படகில் ஏற்றிச் சென்று, தங்க மீனை வலையில் எடுத்து இறைவனுக்குப் படைக்கிறார்கள். கரையில் சுவாமி எழுந்தருளி நிற்க, மக்கள் மணலில் திரண்டிருப்பார்கள்.

சௌந்தரராசப் பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் பாடிய திவ்வியதேசம். அந்த ஆழ்வார் திருவரங்கத் திருப்பணிக்காக நாகை விகாரத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து சென்றார் என்று வைணவ மரபில் ஒரு கதை உள்ளது. வரலாறாகக் கொள்ளாவிட்டாலும், நாகையில் பொன் படிமம் வைத்து வழிபடும் அளவுக்குச் செல்வமுள்ள பௌத்தப் பள்ளி ஒன்று இருந்தது என்ற நினைவு அதில் பதிந்திருக்கிறது.

கேள்வி: நாகூர் தர்கா ஏன் தென்கிழக்காசியா வரை புகழ்பெற்றது?

வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடுகளில் அலைந்து, 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது ஆண்டகை கடலோடிகளின் காவலர் என்று மதிக்கப்பட்டவர். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் கரையில் இருந்தபடியே தம் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து காத்தார் என்ற கதை ஊரெங்கும் வழங்குகிறது. தமிழ் முஸ்லிம்களான மரக்காயர் வணிகர்களும் கப்பல் தொழிலாளர்களும் கரையேறிய இடமெல்லாம் அவர் நினைவைக் கொண்டுசென்றார்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் பினாங்கின் சூலியா தெருவிலும் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நாகூர் தர்காக்கள் அப்படிப் பிறந்தவை. உடல் அங்கே இல்லை. நினைவுக்கென எழுப்பிய தலங்கள் அவை.

நாகூரில் ஐந்து மினாராக்கள் உள்ளன. அவற்றுள் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங்கர். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரியின் கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து அலங்கரித்த இரதங்களில் ஊர்வலமாக நாகூருக்கு வருகின்றன. அவற்றுள் கப்பல் வடிவில் செய்தவையும் உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் காணிக்கையாக இடும் வெள்ளித் தகடுகளில் கை, கால், கண், வீடு ஆகியவற்றோடு படகும் இருக்கும். இந்துக்கள் பெருமளவில் வருவதும் மொட்டையடிப்பதும் இங்கே புதுமையல்ல, வழக்கம்.

கேள்வி: வேளாங்கண்ணியும் இதே வரலாற்றின் பகுதியா?

ஆம். நாகைக்குத் தெற்கே 12 கிலோமீட்டருக்குள் உள்ள இத்தலத்தின் மரபுவழிக் கதைகள் மூன்று: பால் கொண்டுசென்ற சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், புயலில் சிக்கிக் கரைசேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள். மூன்றாவது கதையே சிறு குடிசைக் கோயிலைக் கற்கோயிலாக்கியது. மாலுமிகள் தந்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுகள் பீடத்தில் பதிக்கப்பட்டுள்ளன. 1962இல் பேராலயத் தகுதி கிடைத்தது. ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் திருவிழா நிறைவுறும்.

கேள்வி: ஐரோப்பியர் காலத்தில் நகரம் எப்படி இருந்தது?

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் இங்கே குடியேறினார்கள். அரசு அதிகாரிகளைவிடத் தனி வணிகர்களே அவர்களில் மிகுதி. 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்த அதே ஆண்டில் நாகையையும் ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கைப்பற்றினார்கள். தஞ்சையின் விஜயராகவ நாயக்கரும், அவருக்குப் பின் மராட்டிய ஏகோஜியும் அவர்களுடைய உரிமையை வெள்ளித் தகடுகளில் எழுதி உறுதிசெய்தனர். 1690இல் ஒல்லாந்தர்கள் தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார்கள். கோட்டையும் நாணயச்சாலையும் தெருக்களும் துணிக் கிடங்குகளுமாக நகரம் பெருகியது. 1774இல் அவர்கள் கட்டிய புனித பேதுரு ஆலயம் அக்காலத்தின் எச்சம்.

இக்காலத்தைத் துணி வணிகத்தின் செழிப்பாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, பட்டினியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கானோரை ஒல்லாந்தக் கப்பல்கள் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிச் சென்றன. நெல் விளையும் நாட்டின் துறைமுகத்திலிருந்தே அது நடந்தது.

1781இல் ஆங்கிலேயர்கள் நாகையைப் பிடித்தார்கள். 1784 ஒப்பந்தத்தால் அது அவர்களுக்கே உரிமையாயிற்று. அடுத்துள்ள கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் 1746, 1758, 1782 ஆகிய ஆண்டுகளில் மோதின. 1799 முதல் 1845 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக நாகை இருந்தது.

கேள்வி: மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களின் குடும்பக் கதைகளில் நாகப்பட்டினம் அடிக்கடி வருவது ஏன்?

அவர்களுடைய முன்னோர்களில் மிகப் பலர் கப்பலேறிய இடம் அது. 1861இல் நாகையிலிருந்து தொடங்கிய தென்னிந்தியப் பெரும் இருப்புப்பாதை, அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளியை எட்டியது. உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய தொழிலாளர்கள் இரயிலில் வந்து, கரையருகே காத்திருந்து, படகில் ஏறிக் கப்பலை அடைந்து, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார்கள். கரும்பு, காப்பி, பின்பு இரப்பர்த் தோட்டங்கள் அவர்களை விழுங்கிக்கொண்டன. வணிகர்களும் எழுத்தர்களும் ஆசிரியர்களும் இதே வழியில் போனார்கள். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலா என்ற கப்பலின் பெயர் அங்குள்ள முதியவர்கள் நாவில் இன்றும் உள்ளது. கடாரத்துக்குப் போன பழைய வழியில்தான் அந்தக் கப்பலும் போனது.

கேள்வி: துறைமுகம் ஏன் தேய்ந்தது?

நீராவிக் கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, கரைக்குத் தள்ளி நங்கூரமிட்டுப் படகில் சரக்கிறக்கும் முறை காலத்துக்கு ஒவ்வாததாயிற்று. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுந்தது, தூத்துக்குடி வளர்ந்தது, 1914இல் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்கு இரயிலும் கப்பலும் இணைந்த பயணம் தொடங்கியது. நாகையில் இருந்த இரயில்வே பணிமனை 1920களின் இறுதியில் திருச்சி பொன்மலைக்குப் போனது. அதற்கும் முன்பே, 1844இல் இங்கே தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்குப் போய்விட்டது. மலேயாவுக்குத் தொழிலாளர் செல்வதும் நின்ற பின் கப்பலுக்கு ஏற்ற ஆளும் இல்லை, சரக்கும் குறைவு.

கேள்வி: புயலும் சுனாமியும் நகரத்தை எந்த அளவுக்குப் பாதித்துள்ளன?

வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் கரையேறும் வழியில் நாகை நிற்கிறது. 1952, 1977 புயல்களை முதியவர்கள் நினைவுகூர்வார்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்து தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது.

2004 டிசம்பர் 26 இவை எல்லாவற்றுக்கும் அப்பாற்பட்ட துயரம். அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; தமிழ்நாட்டில் இறந்தோரில் நான்கில் மூன்று பங்கு இம்மாவட்டத்தவர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் ஆகிய மீனவர் குடியிருப்புகளும், விடுமுறை நாள் வழிபாட்டுக்கு வந்தவர்கள் நிறைந்திருந்த வேளாங்கண்ணிக் கடற்கரையும் பேரழிவுக்கு உள்ளாயின. தட்டையான கரை, ஆற்றுமுகங்கள், கடலை ஒட்டிய நெருக்கமான வீடுகள் என இந்த நிலத்தின் அமைப்பே நீர் உள்ளே புக வழிசெய்தது. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி.

கேள்வி: இப்போது துறைமுகம் இயங்குகிறதா?

தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழுள்ள சிறு துறைமுகமாக இருக்கிறது. மீன்பிடித் துறைமுகமே ஊரின் உயிர்நாடி. பெரிய சரக்குக் கப்பல்கள், நாகூருக்கு வடக்கே 2009இல் தொடங்கிய காரைக்கால் துறைமுகத்துக்குப் போகின்றன. 2023 அக்டோபர் 14இல் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டு 16இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 110 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடக்கலாம். வானிலை காரணமாகச் சேவை இடையிடையே நிறுத்தப்படுவதால், புறப்படும் முன் நாளையும் நேரத்தையும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: நேரில் காண விரும்புவோர் எப்போது, எப்படி வரலாம்?

தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் பயணத்தைக் குலைத்துவிடக்கூடும். செப்டம்பர் முதல் வாரத்தில் வேளாங்கண்ணியில் அறை கிடைப்பது அரிது. நாகூர்க் கந்தூரி ஹிஜ்ரி நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் தேதி மாறும். காலையில் நீலாயதாட்சி கோயிலும் பெருமாள் கோயிலும், பிறகு புனித பேதுரு ஆலயமும் பார்த்துவிட்டு, மாலையில் நாகூருக்குச் சென்றால் அவசரமின்றிப் பார்க்கலாம். பௌத்தப் படிமங்களைப் பொறுத்தவரை, நாகைக்கு வரும் முன்போ போன பின்போ எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு ஒரு முறை சென்றுவர வேண்டும்.